கம்பளிக் கோட்டுக்கு ஒரு சாவு

தேவிகுளத்துத் தையல்காரர் சுவக்கீன் தைத்த துணியைப் போட்டு இதுவரை யாரும் செத்ததில்லை. தன் தொழில் திறமையைப் பற்றி அவர் இவ்வளவுதான் பெருமையடித்துக்கொள்வார். அதற்கு மேல் சொன்னால் ஊரில் சாட்சி கிடைக்காது என்பது அவருக்கே தெரியும். ஒரு ஈஸ்டர் பாஸ்காவுக்குக் கோயில் பாடல் குழுவுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார். அல்லேலூயாவுக்குக் கையைத் தூக்கச் சொன்னால் பாதிப் பேருக்குக் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. "ஆண்டவரு மனசத்தான் பாக்காரு சாமி, கக்கத்தையா பாக்காரு?" என்று பங்குச் சாமியாரிடமே சொல்லிச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்து, தான் போட்டிருந்த சட்டையிலும் கை தூக்கிப் பார்த்தார். தூக்க முடியவில்லை.

அப்பேர்ப்பட்டவரைத் தேடிக்கொண்டுதான் கழகம் மலையேறி வந்தது.

கழகத்தின் முழுப்பெயர் மலையோர நீடித்த நிலைத்த கைவினைக் கதையாடை மேம்பாட்டுக் கழகம். இதை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவரைத்தான் இயக்குநராகப் போடுவார்கள் போலிருக்கிறது. இயக்குநர் ராஜசேகர் சொல்லிவிடுவார். பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்துக்காரர், மூச்சு கெட்டி. அவருக்குக் கீழே டின்சி என்று ஒரு மலையாளப் பெண். உத்தியோகப் பெயர் கதை வடிவமைப்பாளர். துணியை வடிவமைக்கிறவர் கழகத்தில் யாரும் கிடையாது. பூமியைக் காப்பாற்றுவது பற்றிப் பேச ஐந்து காரில் வந்தார்கள். குளிர் என்பதால், பேசி முடிக்கும்வரை ஐந்தும் உறுமிக்கொண்டே நின்றன.

அவர்கள் கண்ணில் பட்டது ஒரு கோட்டு. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கம்பளி இருக்கிறதே, அதை வெட்டி சுவக்கீன் தைத்த கோட்டு. அவர் தைத்ததிலேயே உருப்படியாக வந்தது அது ஒன்றுதான். எப்படி வந்தது என்று அவருக்கே புரியவில்லை. யாரோ ஒரு டூரிஸ்ட் பெண் அதைப் போட்டுப் பார்த்துப் படம் எடுத்து நெட்டில் போட்டுவிட்டாள். படம் கழகத்துக்குப் போய்விட்டது.

மூணாறுப் பக்கம் பள்ளிவாசல் என்ற ஊரில் கழகம் ஒரு கதையாடைக் கிராமம் கட்டிக்கொண்டிருந்தது. எட்டுக் கடைகள். ஒவ்வொரு கடைக்கும் பின்னால் இரண்டு அறை, ஒரு அடுப்படி. கலைஞர் அங்கேயே ஆயுசுக்கும் குடியிருந்தால்தான் துணியில் வாழ்க்கை ஒட்டும் என்பது கழகத்தின் கொள்கை. மற்றக் கொள்கையெல்லாம் சுவக்கீன் காதில் ஏறவில்லை, இது ஏறியது.

ஏறாமல் என்ன செய்யும்? ஏப்ரலோடு அவர் மனைவி கத்தரீனாளுக்கு ஓய்வு வயது வந்து கொழுந்து வேலை முடிகிறது. வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவள் கூடை சுமந்த காலமெல்லாம் அது அவள் வீடு; கூடையை இறக்கி வைத்தால் வேறொருத்தி வீடு. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், ஆறு பேரோடு ஒரே அறையில் கிடக்கிறான். சொந்த ஊர் என்று சங்கரன்கோவில் பக்கம் ஒரு பெயர் உண்டு. அங்கே போனால், யாரைத் தேடி வந்தீர்கள் என்று கேட்பார்கள். தையல் வேலையை நம்பி ஒரு வீடு பிடிக்கலாம் என்றால், அவர் தையல் எப்படிப்பட்டது என்றுதான் முதலிலேயே சொல்லியாயிற்றே. ஆக, பள்ளிவாசல் கடை கிடைத்தால் வீடு. கிடைக்காவிட்டால் சட்டி பானையோடு ரோடு.

தேர்வு நாளில், சுவக்கீன் தைக்கிற இடத்துக்கே வந்த ராஜசேகர் கோட்டை மடியில் வைத்து, குழந்தையைத் தடவுவது போலத் தடவினார்.

"ஏனுங்க சுவக்கீன், இந்தக் கோட்டோட கதையச் சொல்லுங்க பாக்கலாம்."

"எலி கடிச்சிட்டு சார்."

"எலிங்களா?"

"ஆமா சார். என் வீட்டுக்காரியோட கம்பளி. நடுவுல ஒரு சாண் ஓட்டை. எலிய ஏச முடியுமா, என்னைய ஏசுனா. ஏச்சுத் தாங்காம வெட்டிக் கோட்டாக்கிட்டேன். பை வச்சிருக்கம்லா, அங்கனதான் எலி கடிச்சது."

ராஜசேகர் கண்ணை மூடிக்கொண்டார். வருத்தம் வந்தால் அவர் அப்படித்தான் மூடுவார் என்பது பிறகு தெரிந்தது.

"எலி ஆகாதுங்க. கேக்கறவனுக்குத் தொண்டைய அடைக்கோணுமுங்க. பட்டணத்துல இருந்து வர்றவங்கிட்ட கோட்டு இல்லாமயா இருக்குது? பீரோ நெறையா வெச்சிருக்கறானுங்க. அவங்கிட்ட இல்லாதது துக்கமுங்க. அதைத்தானுங்க நாம விக்கறம். கோட்டு சும்மா, பொட்டலம் கட்டறதுக்குங்க."

பிறகு தரப் பிரிவை விளக்கினார். சாவு என்றால் ஏ கிரேடு. தீராத வியாதி பி. காதல் தோல்வி சி. மற்றதெல்லாம் டி. ஏ கிரேடுக்குத்தான் கடை. டி கிரேடுக்கு ஒரு மேசை, அதுவும் கண்காட்சி முடிகிறவரை.

"எங்களுக்குத் துக்கமே இல்லேன்னு இல்ல சார்," என்றார் சுவக்கீன் அவசரமாக. "எனக்கு வாயு உண்டு. இந்த விலாவுல புடிச்சா அந்த விலா வரைக்கும்..."

"வாயு வியாதியில வராதுங்க."

டின்சி தையல் மிஷினைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வாடிப்போயிற்று. "அய்யோ சேட்டா, இது மிஷினல்லே? நம்மள் கைவினையாணு!"

"கையாலதான் மேடம் துணியப் புடிக்கேன். கால்தான் மிதிக்குது."

இதைக் கழகம் உட்கார்ந்து ஆலோசித்தது. முடிவில், மிஷினை ஒரு பழைய வேட்டியால் மூடி அதன்மேல் குத்துவிளக்கு வைத்துவிடலாம் என்று தீர்மானமாயிற்று. விளக்கு வைத்தபின் மிஷின் மிஷினாகத் தெரியவில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். சுவக்கீனுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒரு வாரம் அதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டே நடமாடினார்.

அடுத்து, தேவிகுளத்திலேயே ஒரு கட்டடம் பிடித்துப் பயிற்சி. துணியை வெட்டுமுன் துணியிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக் காத்திருக்க வேண்டும். சுவக்கீன் கேட்டார், காத்திருந்தார், கொஞ்சம் குறட்டையும் விட்டார், எழுந்து வெட்டினார்.

"துணி ஒன்னும் பறஞ்ஞில்லல்லோ, பின்னே எப்படி வெட்டி?" என்று டின்சி பதறினாள்.

"ஒண்ணும் சொல்லலேன்னா சம்மதம்னுதான மேடம். எங்க கல்யாணத்துலயே அப்படித்தான்."

பயிற்சிக்கு வந்திருந்த மற்றவர்கள் கெட்டிக்காரர்கள். தலையணை உறைக்குப் பூ வேலை செய்த ஒருத்தி, செத்துப்போன அண்ணனைச் சொல்லித் தேம்பித் தேம்பி அழுதாள். அடுத்த அறையில் அந்த அண்ணன், நூல் தொப்பி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, செத்துப்போன தங்கச்சியைச் சொல்லி அழுதுகொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் ஏ கிரேடு. சாயங்காலம் ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள்.

சுவக்கீன் மட்டும் தினமும் டி கிரேடோடு வீட்டுக்கு வந்தார். துக்கத்துக்குக்கூட லாயக்கில்லாத பிறவி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். ஊர் உலகமெல்லாம் அழுது கரைசேரும்போது, ஒழுங்காக ஒரு சாவுகூட வாய்க்காமல் போயிற்றே என்று நினைத்தார். நினைத்ததும் வாயில் அடித்துக்கொண்டு, ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

கடைசித் தேர்வு அன்று ராஜசேகர் ஜன்னலோரமாய் உட்கார்ந்திருந்தார். டின்சி போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்: "இந்தக் கம்பளி போட்டிருந்த ஆள் இப்போ எவிடெ, சேட்டா?"

ஜன்னலுக்கு வெளியே எதிர்ச் சரிவு. கொழுந்துக்காரப் பெண்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். கத்தரீனாள் முட்டுவலியால் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று நின்று ஏறினாள். சுவக்கீனுக்கு ஏப்ரல் ஞாபகம் வந்தது. ரோட்டோரம் பாத்திர மூட்டையும், அதன்மேல் அவள் உட்கார்ந்திருப்பதும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"செத்துட்டா," என்றார்.

சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லை. எதிர்ச் சரிவில் அவள் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டார், அவ்வளவுதான். கண்ணீரும் மூக்குமாய்க் கொட்டிவிட்டது. அட, நாம இம்புட்டு நல்லா அழுவமா என்று அழுகைக்கு நடுவிலேயே ஓர் ஆச்சரியமும் வந்தது.

"சேட்டா, ஆ கண்ணு மாத்ரம் ஒன்னு வெளிச்சத்துக்குத் திருப்பணே," என்றாள் டின்சி.

"எப்படிங்க ஆச்சு?" என்றார் ராஜசேகர். அவர் குரலில் முதல் முறையாக மரியாதை தெரிந்தது.

"போன மழைக்கு சார். ஆனை."

"ஆனைங்களா!" ராஜசேகர் எழுந்தே நின்றுவிட்டார். "ஆனைன்னா ஏ பிளஸ்ஸுங்க. துக்கத்துலயும் காட்டலாம், சுற்றுச்சூழல்லயும் காட்டலாம். இத்தனை நாளா இதைய வெச்சுக்கிட்டு எலி எலின்னு சொல்லீட்டு இருந்தீங்களே!"

அன்றைக்கு வீட்டில் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சுவக்கீன் விஷயத்தைச் சொன்னார். கத்தரீனாள் கையில் கரண்டி இருந்ததால் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"ஆனையா?" என்றாள் அவள். "ஆனை வந்தா நான் ஓடியிருக்க மாட்டேனா?"

"உனக்குத்தான் முட்டுவலி இருக்கே."

"காய்ச்சல்னு சொல்லியிருக்கலாம்லா? ஆனை மிதிச்சுச் செத்தான்னா ஒரு கௌரதியா இருக்கா?"

"ஏளா, நெசமாவா செத்துட்ட, இம்புட்டு விசாரிக்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரண்டியை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"வீட்டக் குடுத்துருவாகளா?"

"குடுத்துருவாக."

"அப்பச் செத்தே இருக்கேன். ஆனா அங்கன உமக்கு யாரு சோறு பொங்கிப் போடுவா, நான்தான பொங்கணும்? செத்தவ எப்படிப் பொங்குவா?"

"உன் தங்கச்சின்னு சொல்லிக்கிடுவோம்."

அதற்கும் அவள் சம்மதித்தாள். பிறகுதான், "குமுளிக்கு எட்டுமோ?" என்று கேட்டாள்.

குமுளியில் அவள் அண்ணன் வேதமுத்து இருக்கிறார். ஏலக்காய்க் கடை. கிறிஸ்தவத்தில் அவர்கள் சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள், சுவக்கீன் ஆர்.சி. கத்தோலிக்கர். அந்தக் காலத்தில் எஸ்தர் என்ற பெண் சுவக்கீனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். கட்டி, கோயிலும் மாறி, கத்தரீனாள் என்று பெயரும் மாறினாள். சாமி ஒன்றுதான், ஆனால் வேதமுத்துவுக்கு அது போதவில்லை. பிறந்த வீட்டிலிருந்து கல்யாணத்துக்கு வர வேண்டிய கோடிச் சேலை வரவில்லை. சுவக்கீனே மூணாறில் ஒரு சேலை வாங்கி, அண்ணன் அனுப்பியது என்று பந்தலில் சொல்லி வைத்தார், ஒருவரும் நம்பவில்லை. முப்பது வருஷம் ஓடிப்போயிற்று. இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம். அவர் வரவில்லை.

"எட்டினா எட்டட்டும்," என்று கத்தரீனாள் தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். "உசுரோட இருக்கையில வராதவரு." திருப்பூருக்கு மட்டும் போன் போட்டு, "மக்கா, நான் செத்துட்டேன்னு யாராச்சும் சொன்னா பயந்துராத, சாப்பிட்டியா?" என்று கேட்டுவைத்தாள்.

லயத்துக்காரர்களுக்குக் கொண்டாட்டம். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில், "செத்தவளுக்கு எதுக்குளா முன் வரிசை, பின்னால போ" என்பார்கள். தண்ணீர்க் குழாயில், "பாவம், பேய்க்குத் தாகம் எடுக்கு, வழி விடுங்க" என்பார்கள். ஆனால் கழகத்துக்காரர்கள் யாராவது கீழே இறங்கி வந்தால், கேட்காமலே மூக்கைச் சிந்துவார்கள். அந்த விஷயத்தில் எங்கள் ஊர் ஆட்களைக் குறை சொல்ல முடியாது.

வீடியோ எடுக்க வீட்டுக்கே வந்தார்கள். கத்தரீனாளைச் செத்தவளின் தங்கச்சி என்று அறிமுகம் செய்துவைத்தார் சுவக்கீன்.

"சேச்சி, அக்காவப் பத்தி ஏதெங்கிலும் பறயணும்," என்றாள் டின்சி.

கத்தரீனாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சுவக்கீனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மெல்ல ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"அக்கா பாவம்மா. இந்த மனுசனக் கட்டி என்னத்தக் கண்டா? ஒருநா, ஒரு வாய் காப்பி போட்டுக் குடுத்திருப்பாரா? அவ மழையில நனைஞ்சு வருவா, இவரு மிஷினுக்கு எண்ணெ விட்டுட்டு உக்காந்திருப்பாரு. அந்தக் கோட்டக்கூட அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம அவ கம்பளிய வெட்டித் தச்சதுதான். துணிகிட்ட அனுமதி கேட்டாராம்! கட்டுனவகிட்டக் கேக்கல. இப்ப அழுதாரே, அதுல கால்வாசி அவ இருக்கையில அழுதிருந்தாருன்னா அக்கா இன்னும் நல்லா இருந்திருப்பா."

சுவக்கீன் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வார்த்தையாவது பொய்யாக இருந்தால் குறுக்கே பேசலாம். எல்லாம் நிஜம். மனைவி செத்தால்தான் புருஷனுக்கு இதெல்லாம் தெரியவருமென்றால், அவள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது செத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

ராஜசேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புருசனோட குற்ற உணர்ச்சி! இதையும் சேர்த்துக்கறமுங்க, தனிக் கட்டணமில்லீங்க. திறப்பு விழாவுக்கு இந்தம்மிணியே கோட்டப் போட்டுட்டு நடக்கோணுமுங்க. செத்தவிய சாயல் அப்படியே இருக்குதுங்க."

"நீங்க அவளப் பாத்ததில்லியே சார்?" என்றார் சுவக்கீன்.

"துக்கத்தக் கேட்டா மொகம் தெரிஞ்சுருமுங்க. இருபது வருசமா இதே தொழிலுங்க."

திறப்பு விழா நாள் வந்தது. பள்ளிவாசல் கிராமத்து வாசலில், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம் என்று ஓர் ஆள் உயரத்துக்கு பிளாஸ்டிக் பேனர் கட்டியிருந்தார்கள். மேடையில் ஒரு தட்டில் எட்டுச் சாவிகள். நான்காவது சாவியில் சுவக்கீன் பெயர் எழுதிய அட்டை தொங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படிக்கு ஜன்னல் கிழக்கே இருக்குமா மேற்கே இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ராஜசேகர் மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே! நாங்க துணி விக்கறதில்லீங்க. ஒரு ஏழையோட வாழ்க்கையில ஒரு நல்லது நடந்துட்டா அவங்கதை முடிஞ்சு போகுதுங்க. முடியாமப் பாத்துக்கறதுதானுங்க எங்க கழகத்தோட சேவை!" பலத்த கைதட்டல். "இப்போ, ஆனை மிதிச்சுக் காலமான கத்தரீனாளோட தங்கச்சி, அக்காவோட கோட்டுல வர்றாங்க!"

கத்தரீனாள் கோட்டைப் போட்டுக்கொண்டு, முட்டுவலியோடு மெல்ல மேடையேறினாள். முட்டுவலியைத் துக்கம் என்று நினைத்து முன் வரிசையில் இரண்டு பேர் விம்மினார்கள்.

அப்போதுதான் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. நாலைந்து பெண்கள் தலைவிரி கோலமாய் இறங்கினார்கள். "எங்க எஸ்தரே, எங்களவிட்டுப் போனியே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் ஒரு புதுச் சேலை. சுவக்கீன் அழுத வீடியோ குமுளிக்கு எட்டிவிட்டது. தங்கச்சியைப் புதைத்து மாசக்கணக்காயிற்று என்று ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து போனில் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார் வேதமுத்து.

ராஜசேகர் இதை டின்சி ஏற்பாடு செய்திருக்கிறாள் என்று நினைத்து அவளைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தார். டின்சி இதை ராஜசேகர் ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்து அவரைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தாள். கேமராக்காரர் ஜீப் பக்கம் ஓடினார்.

வேதமுத்து நேரே வந்து சுவக்கீன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"எலேய்! ஒரு வார்த்த சொல்லி விட்டியாலே? பொறந்த வீட்டுக் கோடி போத்தாம எவளையாவது மண்ணுல வப்பாவளாலே? அநாதைப் பொணமாலே என் தங்கச்சி? கல்லறை எங்கலே? காட்டித் தாலே, அங்கனயாவது போத்திட்டுப் போறேன்!"

சாவில் ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடிதான் கடைசி மரியாதை. அது வராமல் பெட்டியை மூடமாட்டார்கள். சண்டையிட்டுப் பிரிந்தவர்கள்கூட அதற்கு மட்டும் வந்துவிடுவார்கள். ஆனை, மழை, கம்பளி என்று கதையை அலங்காரம் செய்த சுவக்கீனுக்கு, கோடிக்கு ஆள் வருவார் என்பது மட்டும் உறைக்கவில்லை. சாவைத் தைக்கும்போதும் அளவு தப்பிவிட்டது.

"கை தட்டுங்க, கை தட்டுங்க!" என்றார் மைக்கில் ராஜசேகர். "அசல் துக்கமுங்க! பெரியவரே, இங்க வாங்க. இவங்கதான் உங்க தங்கச்சியோட தங்கச்சி!"

வேதமுத்து சட்டையை விட்டார். "தங்கச்சியா? எங்க வீட்டுல பொம்பளப் பிள்ள ஒண்ணே ஒண்ணுதான. இது யாரு?"

மேடைப் படியருகே போய் நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷம் முன்னால் அவர் பார்த்தது ஒல்லியாய், நீளச் சடையோடு ஒரு பெண். மேடையில் நின்றவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. அவள் ஒரு அடி முன்னால் வந்ததைச் சுவக்கீன் பார்த்தார்.

இது என் சித்தப்பா மகள், எங்க பக்கத்துச் சொந்தம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேதமுத்து ஏதாவது ஒரு கல்லறையில் சேலையைப் போர்த்தி அழுதுவிட்டுப் போய்விடுவார், நான்காவது சாவி நான்காவது சாவியாகவே இருக்கும். சுவக்கீன் வாயைத் திறந்தார். நாக்கு எழும்பவில்லை. முப்பது வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் முன்னால் அந்த ஆள் நிற்கிறார். அவரைப் பொய் சொல்லித் திருப்பி அனுப்பினால், அந்த வீட்டில் எந்த மூஞ்சியோடு அவள் கையால் சோறு வாங்கித் தின்பது?

"அண்ணே," என்றாள் கத்தரீனாள்.

வேதமுத்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எஸ்தரா?"

"ஆமாண்ணே."

"நீ... சாகலையா?"

"வீடு குடுக்காகன்னு செத்தேம்ணே."

ஒப்பாரி வைத்த பெண்கள் பாதியில் வாயை மூடினார்கள். பிறகு அவர்களுக்குள் ஒரு குசுகுசுப்பு கிளம்பியது. எடுத்து வந்த கோடியைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது, வீட்டுக்கு ஆகாது என்றாள் ஒருத்தி. சாவுக்கு எடுத்ததை உயிரோடு இருப்பவளுக்கு எப்படிப் போடுவது என்றாள் இன்னொருத்தி. வேதமுத்து போகவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல் தாம்பாளத்தை ஏந்தியபடி நின்றார்.

கத்தரீனாள் கோட்டைக் கழற்றி சுவக்கீன் கையில் கொடுத்தாள். படியிறங்கி அண்ணன் முன்னால் வந்தாள்.

"என் கல்யாணத்துக்கு நீங்க கோடி கொண்டு வரலண்ணே. நான் வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன். இது அதுன்னு நெனச்சுக் குடுங்க. நான் உடுத்திக்கிடுதேன்."

வேதமுத்து சேலையை எடுத்து அவள் தோளில் போட்டார். போட்ட கையை எடுக்காமல், ஊர் பார்க்கக் கேவிக் கேவி அழுதார். "வந்திருக்கணும்ட்டி, நான் வந்திருக்கணும்" என்றுதான் அவர் வாயில் வந்தது. சுவக்கீனும் அழுதார். இந்தத் தடவை எப்படி அழுகிறோம் என்று பார்த்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. கேமராக்காரர் எடுப்பதா நிறுத்துவதா என்று டின்சியைப் பார்த்தார். டின்சி ராஜசேகரைப் பார்த்தாள். ராஜசேகர் கண்ணை மூடியிருந்தார்.

கண்ணைத் திறந்ததும் சுவக்கீனை மேடையோரம், சாவித் தட்டுப் பக்கம் அழைத்துப் போனார்.

"ஏனுங்க, இந்தம்மிணி இப்ப உசுரோட இருக்கறாங்களா?"

"இருக்கா சார்."

"உறுதியாத்தானுங்களா?"

"நான் கட்டுன நாள்லேர்ந்து சார்."

"என்ன காரியமுங்க பண்ணிப்போட்டீங்க! உசுரோட இருக்கறவங்களுக்கு எங்க கழகத்துல பிரிவே இல்லீங்களே."

"சார், அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்தது நல்ல கதயல்லே?" என்று டின்சி குறுக்கிட்டாள். அவளுக்கே கண் கலங்கியிருந்தது.

"சேந்துட்டாங்களே அம்மிணி! சேர்றதுக்கு முந்தின நிமிசம் வரைக்குந்தான் நமக்கு." ராஜசேகர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நான்காவது சாவியை எடுத்து சுவக்கீன் உள்ளங்கையில் வைத்து, குரலைத் தணித்தார். "ஒண்ணு பண்ணலாமுங்க. அந்தப் பெரியவரு கோவிச்சுட்டு, சேலையப் புடுங்கிட்டுத் திரும்பிப் போறாருன்னு வைங்க. குடும்பப் பிரிவுன்னு சொல்லி மேல எழுதி, ஏ கிரேடு வாங்கீரலாமுங்க. ரொம்ப நேரம் வேண்டாம். கேமரா எடுக்கற வரைக்கும் போனாப் போதுமுங்க. நீங்கதான் ஏதாச்சும் சொல்லி அவரக் கோவப்படுத்தோணும்."

கோபப்படுத்துவது சுவக்கீனுக்குக் கஷ்டமில்லை. அது ஒன்றுதான் வேதமுத்து விஷயத்தில் அவருக்குக் கைவந்த வேலை. சாவி கையில் கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. இரண்டு அறை, ஒரு அடுப்படி. அவர் திரும்பிப் பார்த்தார். கத்தரீனாள் கோடிச் சேலையின் கரையை விரலால் நீவி நீவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அவளிடம் முட்டுக்கு என்ன மருந்து போடுகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சுவக்கீன் சாவியைத் தட்டிலேயே வைத்தார். கோட்டையும் மடித்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"எலி கடிச்சதுதான் சார்," என்றார். "அப்படியே எழுதிக்கிடுங்க."

விழா மேலே நடந்தது. நூல் தொப்பிக்காரன் தங்கச்சியை நினைத்து அழுதுகொண்டு மேடையேறினான். இவர்கள் வாசலுக்கு வந்தார்கள். வேதமுத்து ஜீப்பில் ஏறாமல் நின்று, முகத்தைத் துண்டால் துடைத்தார். சுவக்கீனை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று சுவக்கீன் தயாரானார்.

"மாப்பிள," என்றார் வேதமுத்து. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வருவது இதுதான் முதல் தடவை. "வீடு எந்தப் பக்கம்?"

சுவக்கீன் மேலே கையைக் காட்டினார்.

"தேவிகுளம் மச்சான். ஏப்ரல் வரைக்கும் அங்கனதான்."